புகைவாயில் பிறந்த படிகம்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவன் ஒருவன் சிறிதளவு மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் இட்டுச் சுடரின்மேல் பிடிக்கின்றான். மயிலின் கழுத்தைப்போல் ஒளிவிடும் அந்நீலப் படிகங்கள் சிறிது நேரத்தில் நிறம் மங்குகின்றன. குழாயின் மேற்பகுதியில் நீர்த்துளிகள் அரும்புகின்றன. அடியில் எஞ்சி நிற்பது வெண்ணிறப் பொடியே. குழாய் ஆறிய பின்னர், ஆசிரியர் சொற்படி அப்பொடியின்மேல் சில துளி நீரை விடுகின்றான். விட்ட அளவில் நீலம் மீண்டும் தோன்றுகின்றது. ஆறிக் கிடந்த குழாய் தானே சூடேறுகின்றது. 'போன நிறம் எங்குப் போயிற்று? வந்த நிறம் எங்கிருந்து வந்தது?' என்னும் வியப்பு அவன் முகத்தில் படர்கின்றது.

ஆசிரியர் கூறும் விடை எளியது. மயில்துத்தம் என்பது செம்பும் கந்தகமும் ஆக்சிஜனும் கூடிய ஒரு சல்பேட்டு. அதனோடு நீரும் ஓர் ஒழுங்கில் பிணைந்துள்ளது. 100 பங்கு எடையுள்ள மயில்துத்தத்தில் ஏறத்தாழ 36 பங்கு நீரே ஆகும். தொட்டால் ஈரம் தெரியாது; பொடித்தாலும் ஒரு துளி சொட்டாது. எனினும் சுவரின் செங்கற்களுக்கு இடையே சாந்து அமைந்திருப்பதுபோல், படிகத்தின் கட்டுக்கோப்பில் அந்நீர் இடம் பெற்று நிற்கின்றது. இதனைப் படிக நீர் என்பர். வெப்பம் ஏற ஏற அது படிப்படியாக நீங்குகின்றது. ஏறத்தாழ 200 பாகை சென்டிகிரேடு வெப்பத்திற்குமேல் முற்றும் அகன்றுவிடுகின்றது.

நீர் அகன்றதும் நீலம் ஏன் அகல வேண்டும்? மயில்துத்தத்தில் ஒவ்வொரு செம்பு அணுவையும் நான்கு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கின்றன. அந்நிலையில் செம்பு, தன்மேல் விழும் ஒளியிலுள்ள சிவப்புக் கூற்றைக் கவர்ந்துகொள்கின்றது. எஞ்சிய நீலம் கண்ணுக்கு எட்டுகின்றது. நீர் விலகிச் சல்பேட்டின் ஆக்சிஜன் அணுக்கள் மட்டுமே செம்பைச் சூழும்பொழுது, அது கவரும் ஒளி கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்ந்துவிடுகின்றது. ஆதலின் நிறம் மறைகின்றது. செம்பும் சல்பேட்டும் மாறவில்லை, அவற்றைச் சூழ்ந்த சுற்றம் மாறிற்று, தோற்றமும் மாறிற்று.

இவ்வளவில் பாடம் முடிந்தது என எண்ணலாம். ஆயினும் கூரிய மாணவன் ஒருவனுக்கு மற்றொரு வினாவும் எழுதல் கூடும். மனிதன் சுடர் ஏற்றி ஆக்கிய இவ்வெண்பொடியை, இயற்கை எங்கேனும் தானே ஆக்கி வைத்துள்ளதா? காற்றில் எங்கும் ஈரம் உண்டு, மழை உண்டு, பனி உண்டு. நீரைக் கண்ட அளவில் அதனைப் பற்றிக்கொண்டு உருமாறும் ஒரு பொருளுக்கு, நீர் சூழ்ந்த இவ்வுலகில் வாழ இடம் ஏது?

இடம் உண்டு. அவ்விடம் எரிமலையின் புகைவாய்.

இத்தாலி நாட்டின் தென்பகுதியில், நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் வெசூவியஸ் என்னும் எரிமலை நிற்கின்றது. கி.பி. 79ஆம் ஆண்டில் பாம்பீ, ஹெர்குலேனியம் என்னும் நகரங்களைச் சாம்பலாலும் கற்குழம்பின் துகள்களாலும் மூடிய மலை இதுவே. அதன் பின்னரும் அது பன்முறை சீறியது. 1944ஆம் ஆண்டில் சீறி அடங்கிய பின் அமைதியாக இருந்து வருகின்றது. ஓர் எரிமலை நெருப்பைக் கக்கி ஓய்ந்த பின்னும், அதன் உள்ளே வெப்பம் உடனே தணிந்துவிடுவதில்லை. பாறையின் பிளவுகள் வழியாகவும் துளைகள் வழியாகவும் கொதிக்கும் ஆவி மூச்சுப்போல் வெளிவந்தவண்ணம் இருக்கும். அத்தகைய துளைகளே புகைவாய்கள் எனப்படுவன.

புகைவாயிலிருந்து வரும் ஆவி வெறும் புகையன்று. அதில் பெரும்பகுதி நீராவி; அதனுடன் கரியமில வாயுவும், மூச்சைத் திணறச் செய்யும் கந்தக வாயுக்களும், ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் கலந்து வருகின்றன. இவையேயன்றிச் செம்பு, ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களும் மிகச் சிறிய அளவில் அவ்வாவியிற் கலந்து மேலேறுகின்றன. திண்ணிய உலோகம் ஆவியில் ஏறி வருமோ என ஐயுறல் வேண்டா. கடும் வெப்பத்தில் குளோரினோடு கூடிய செம்பு, ஆவியாகிப் பயணம் செய்ய வல்லது. அவ்வாவி வாயிலை நெருங்கிக் குளிரும்பொழுது, தான் சுமந்து வந்ததை வழியிலேயே இறக்கி வைக்கின்றது. அங்குள்ள பாறையின்மேல், காற்றின் ஆக்சிஜனும் கந்தக வாயுவும் செம்பும் கூடிப் பலநிறப் படிகங்களாகப் படிகின்றன. பானையில் கொதிக்கும் நீரின் ஆவி மூடியில் துளியாகப் படிவதைப் போன்றதே இது. இங்குப் படிவது நீரன்று, கனிமம் என்பதே வேறுபாடு.

1868ஆம் ஆண்டில் நிகழ்ந்த வெசூவியஸ் வெடிப்பின் புகைவாய்களில் இவ்வாறு படிந்த கனிமங்களை ஆராய்ந்தவர் ஆர்க்காஞ்செலோ ஸ்கக்கி என்னும் அறிஞர். 1810ஆம் ஆண்டில் பிறந்த இவர், இளமையில் மருத்துவம் பயின்றவர். பின்னர்க் கனிமவியலில் உள்ளம் பற்றி, நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் அத்துறையின் பேராசிரியராக விளங்கினார். 1893ஆம் ஆண்டில் மறையும்வரை, தம் நகரின் அருகில் நின்ற மலையையே தம் நூலகமாகக் கொண்டவர் எனலாம். அம்மலையின் புகைவாய்ப் படிவுகளில், நீர் சேராத செம்பு சல்பேட்டினை அவர் கண்டறிந்தார். சுடரின் துணையால் சோதனைக் குழாயில் ஆவது எதுவோ, அதுவே அங்கு மலையின் வெப்பத்தால் தானாக ஆகியிருந்தது.

இக்கனிமத்தின் இயல்புகள் நினைவிற் கொள்ளத்தக்கவை. இதன் படிகங்கள், ஒன்றற்கொன்று செங்குத்தாகவும் நீளத்தில் வேறுபட்டும் அமைந்த மூன்று அச்சுகளை உடையவை. தூய நிலையில் நிறம் அற்றது. இயற்கையில் வெளிர் பச்சையாகவும் மஞ்சள் சார்ந்தும் பழுப்புச் சார்ந்தும் காணப்படும். கடினத்தில் மூன்றரை என்னும் அளவினது. நகத்தால் கீறினால் கீறல் விழாது, எஃகுக் கத்தியால் கீறினால் விழும். இதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.65, அஃதாவது, ஒத்த பருமனுள்ள நீரைக் காட்டிலும் மூன்றரை மடங்குக்கு மேல் எடை உடையது. நீரில் எளிதிற் கரைவது.

ஈண்டு வியப்பொன்று உண்டு. புகைவாயின் மூச்சில் மிகுதியாக உள்ளது நீராவியே என மேலே கூறப்பட்டது. அவ்வாறாயின், நீரின் நடுவே பிறந்த இப்படிகம் நீரைப் பற்றாமல் இருப்பது எங்ஙனம்? தாமரை இலை நீரில் கிடந்தும் நனையாதிருத்தல் அதன் மேற்பரப்பின் தன்மையால். இப்படிகம் ஆவியில் மூழ்கியும் நீர் சேராதிருத்தல் வெப்பத்தின் காவலால். 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீரால் செம்பைப் பற்றி நிற்க இயலாது. வெப்பம் காக்கும்வரையில் படிகம் படிகமாக இருக்கும்.

ஆயின் அவ்வெப்பத்திற்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 650 பாகையைக் கடந்தால் செம்பு சல்பேட்டு சிதையத் தொடங்கும். கந்தகத்தின் ஒரு பகுதி வாயுவாக வெளியேறும். அப்பொழுது எஞ்சும் பொருளும் வெசூவியஸ் மலையில் கனிமமாகவே காணப்படுகின்றது. பழுப்பு நிறமுடைய அதற்கும் பெயரிட்டவர் ஸ்கக்கியே. டோலரோபேனைட்டு என அவர் இட்ட பெயர், 'ஏமாற்றும் தோற்றம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்தது. பழுப்பாகத் தோன்றும் அதனைக் கண்டு, இது செம்பின் சல்பேட்டு என எவரும் எளிதில் கருதார், ஆதலின் அப்பெயர். இன்னும் வெப்பம் மிகுந்து கந்தகம் முழுவதும் நீங்கினால், கரிய செம்பு ஆக்சைடு மட்டுமே எஞ்சும். அதனையும் டெனோரைட்டு என்னும் கனிமமாக அம்மலை அளிக்கின்றது. ஒரே செம்பு, வெப்பத்தின் படிகளில் ஏற ஏற, நிறமற்றதாகவும் பழுப்பாகவும் கரியதாகவும் கோலம் மாற்றிக்கொள்கின்றது.

மேலே சிதைவும் கீழே நீரும் காத்து நிற்க, இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய எல்லையில்தான் நீரற்ற செம்பு சல்பேட்டு வாழ்கின்றது. இக்கனிமம் அரியதாய் இருத்தற்குக் காரணம் அதன் கூறுகள் அரியன என்பதன்று. செம்பு அரியதன்று, கந்தகமும் அரியதன்று. அவை கூடி நிலைபெறுதற்கு ஏற்ற இடமே அரிது.

புகைவாய் குளிரத் தொடங்கினால், அல்லது கல்லைப் பெயர்த்து எவரேனும் வெளியே கொணர்ந்தால், இக்கனிமத்தின் மாற்றம் தொடங்கிவிடும். ஈரக்காற்றுப் பட்டதும் படிகத்தின் மேற்பரப்பு நீலம் பூக்கின்றது. காண்போருக்கு அது அழகாகத் தோன்றும். உண்மையில் அந்நீலம் அப்படிகத்தின் முடிவேயாகும். நீரை உட்கொண்டு மயில்துத்தமாக மாறும்பொழுது, அதன் பருமன் ஏறத்தாழ இரண்டரை மடங்காகப் பெருகுகின்றது, ஒப்படர்த்தி 3.65இலிருந்து 2.28 ஆகக் குறைகின்றது. சிறு அறைக்குள் பெருங்கூட்டம் நுழைந்தால் சுவர்கள் தாங்குமோ? படிகம் விரிசலுற்று உதிர்ந்து நீலத்தூளாகின்றது. அதன்மேல் ஒரு மழை பெய்தால் அத்தூளும் கரைந்து பாறையின் இடுக்கில் மறைந்துவிடும்.

ஸ்கக்கி இக்கனிமத்திற்கு முதலில் இட்ட பெயரை இங்கு நோக்குதல் வேண்டும். ஹைட்ரோசயனைட்டு என்பது அப்பெயர். கிரேக்க மொழியில் நீரைக் குறிக்கும் சொல்லும் நீலத்தைக் குறிக்கும் சொல்லும் அதில் இணைந்துள்ளன. நீரால் நீலமாவது என்பது கருத்து. கையில் எடுத்த பொருள் கண்ணெதிரே மாறியதை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு அப்பெயரே சான்று. பிற்காலத்தில் அறிஞர் அதற்குச் சால்கோசயனைட்டு என்னும் பெயரை வழங்கினர். செம்பையும் நீலத்தையும் குறிக்கும் சொற்களால் ஆனது அது. முதற்பெயர் அப்பொருள் எதனால் மாறுகின்றது என்பதைக் கூறுகின்றது. பிற்பெயர் எதனால் ஆயது என்பதைக் கூறுகின்றது. இரண்டு பெயர்களிலும் நீலம் உண்டு. தூய நிலையில் அப்பொருளில் நீலம் இல்லை!

இதனால் விளையும் இடரைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். மலையிலிருந்து கொணர்ந்த கல்லைப் பேழையில் வைத்து, 'நீரற்ற செம்பு சல்பேட்டு' எனப் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்தனர் எனக் கொள்வோம். பேழையில் ஈரம் புகுந்தது. சில காலம் கழித்து ஒருவர் அதனைத் திறந்து பார்க்கின்றார். சீட்டில் எழுதிய எழுத்து மாறவில்லை; உள்ளிருந்த பொருள் மாறிவிட்டது. சீட்டை நம்பினால், நீலத்தூளே அக்கனிமம் எனப் பிழைபட அறிவார். தூளை மட்டும் நம்பினால், எழுதியவர் பொய் எழுதினார் எனப் பழி கூறுவார். இருவகைப் பிழையினின்றும் அவரைக் காப்பது, கல்லை எடுத்த இடமும் நாளும், எடுத்தபொழுது அதற்கிருந்த நிறமும், அவ்விடத்தின் வெப்பமும் உள்ளவாறே எழுதிவைத்த குறிப்பு ஒன்றுதான். அதனாலேயே, ஈரத்தை உறிஞ்சும் கனிமங்களைக் காற்றுப் புகாத கலங்களில், ஈரம் உறிஞ்சும் பொருள்களுடன் வைத்துக் காத்தலும், எடுத்த இடத்திலேயே குறிப்பெழுதுதலும் இத்துறையினர் கடனாயின.

அக்கடனை ஆற்றுதல் எளிதன்று. புகைவாயின் அருகில் நிற்பவர் காலின் கீழ்ப் பாறை சுடும். முகத்தில் அமில ஆவி அறையும். காற்றுத் திசை மாறினால் மூச்சு அடைக்கும். மலை மீண்டும் சீறாது என்பதற்கும் உறுதி இல்லை. 1872ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வெசூவியஸ் வெடித்தபொழுது, நெருப்பாற்றைக் காண மலையேறிய பலர் திடீரெனப் பீறிட்ட குழம்பில் அகப்பட்டு உயிர் துறந்தனர். அவர்களுள் இளமாணவர்களும் இருந்தனர். அதே வேளையில், மலைச்சரிவில் அமைந்த ஆய்வுநிலையத்தின் தலைவராகிய லூயிஜி பால்மியேரி தம் இடத்தை விட்டு அகலாமல், கருவிகள் காட்டிய அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார். அவ்வெடிப்பின் விளைபொருள்களையும் ஸ்கக்கி பின்னர் ஆராய்ந்து எழுதினார். நூலில் ஒரு வரியாக அடங்கிவிடும் செய்திக்குப் பின்னே இத்தகைய துணிவும் பொறுமையும் நிற்கின்றன.

வெசூவியஸ் மலையில் மட்டுமன்றி வேறு சில எரிமலைகளிலும் இக்கனிமம் காணப்பட்டுள்ளது. நடு அமெரிக்காவின் எல் சால்வடார் நாட்டில் உள்ள இசால்கோ மலை அவற்றுள் ஒன்று. 1770ஆம் ஆண்டில் தோன்றி, 1958ஆம் ஆண்டுவரை பெரும்பாலும் ஓயாது கனன்று, கடலிற் செல்வோர்க்குத் திசை காட்டியமையால், 'பசிபிக் கடலின் கலங்கரை விளக்கம்' எனப் பெயர் பெற்ற மலை அது. மற்றொன்று, ஆசியாவின் வடகிழக்கு முனையில் கம்சாத்கா தீபகற்பத்தில் உள்ள தோல்பாச்சிக் மலை. அங்கு 1975ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தொடங்கிய வெடிப்பு 1976ஆம் ஆண்டு திசம்பர்வரை நீடித்தது. அதனால் எழுந்த கூம்புக் குன்றுகளில், வெடிப்பு நின்று 40 ஆண்டுகள் கழிந்த பின்னும் 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பமுடைய புகைவாய்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றற்கு இரசிய மொழியில் 'நச்சுடையது' எனப் பொருள்படும் பெயரே இடப்பட்டுள்ளது எனின், அங்கு நின்று பணிபுரிதல் எத்தகையது என்பதைக் கூறவும் வேண்டுமோ!

அந்நச்சு மூச்சின் நடுவே நெடுங்காலம் உழைத்தவர்களுள் லிதியா வெர்கசோவா என்னும் பெண் அறிஞர் குறிப்பிடத்தக்கவர். அவர் பெயரால் வெர்கசோவைட்டு என ஒரு செம்புக் கனிமம் வழங்குகின்றது. உலகில் அதற்குமுன் எங்கும் அறியப்படாத நூற்றுக்கு மேற்பட்ட கனிமங்கள் தோல்பாச்சிக் மலையில் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள், சோடியமும் கால்சியமும் செம்பும் சல்பேட்டோடு கூடிய பெட்ரோவைட்டு என்னும் நீலக் கனிமத்தை 2020ஆம் ஆண்டில் இரசிய அறிஞர்கள் அறிவித்தனர். அதன் கட்டுக்கோப்பில் உள்ள இடைவெளிகளின் வழியே சோடியம் அயனிகள் நகரக்கூடும் என்பதால், மின்கலங்களுக்கு ஏற்ற புதிய பொருள்களை அமைக்க அது வழிகாட்டலாம் என அவர்கள் கருதினர். மனிதன் எண்ணியிராத சேர்க்கைகளை எரிமலை தன் போக்கில் செய்து பார்க்கின்றது. கூர்ந்து நோக்குவோர் அவற்றைக் கற்றுக்கொள்கின்றனர்.

நீரற்ற படிகத்தின் உடன்பிறப்பாகிய மயில்துத்தமும் அறிவுலகில் ஒரு பெருஞ்செயலுக்குத் துணை நின்றது. 1912ஆம் ஆண்டில் செருமனியின் மியூனிக் நகரில், மாக்ஸ் ஃபான் லாவே என்னும் அறிஞரின் கருத்தைச் சோதிப்பதற்காக, பிரீட்ரிக், கினிப்பிங் என்னும் இருவர் எக்ஸ் கதிர்களை ஒரு படிகத்தின் வழியே செலுத்தினர். அவர்கள் முதலில் எடுத்த படிகம் மயில்துத்தமே. பின்னே வைத்த ஒளிப்படத் தகட்டில் புள்ளிகள் பதிந்தன. எக்ஸ் கதிர்கள் அலைகளே என்பதும், படிகத்தினுள் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் நிற்கின்றன என்பதும் அப்புள்ளிகளால் தெளிவாயின. படிகத்தினுள் நீர் எங்கு நிற்கின்றது, செம்பு எங்கு நிற்கின்றது என இன்று சொல்ல முடிவது அவ்வழி திறந்தமையால்தான்.

இனி, ஆய்வுக்கூடத்து மாணவனிடம் மீண்டும் வருவோர்க்கு அவன் செய்கை சிறிதாகத் தோன்றாது. அவன் கையிலுள்ள குழாய் ஒரு சிறு புகைவாய்; விளக்கின் சுடர் மலையின் வெப்பம்; குழாயின் அடியில் கிடக்கும் வெண்பொடி, வெசூவியஸ் மலையில் ஸ்கக்கி கண்ட அப்பொருளே. அவன் விடும் துளி நீர், மலைமேல் வீசும் ஈரக்காற்று. ஆங்கு நிகழ்ந்தது எதுவோ, அதுவே ஈங்கும் நிகழ்கின்றது.

ஆயினும் ஒரு செயல் அவன்பால் எஞ்சியுள்ளது. வெண்பொடி நீலமாவதற்கு முன், அது வெண்மையாய் இருந்த நிலையை அவன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டானா? எழுதாது விட்டால், பின்னர் அவன் கையில் இருப்பது நீலம் ஒன்றே. வெண்மை இருந்தது என்பதற்கு அவன் எழுத்தைத் தவிர வேறு சான்று இல்லை. கண்ட பொருள் மாறலாம், மறையலாம். கண்டவாறே எழுதிய எழுத்து, இனி வருவோர்க்காக அதனைக் காத்து நிற்கும். ஒரு துளி நீர் பட்டு அழியும் படிகத்தை, 1868ஆம் ஆண்டின் புகைவாயிலிருந்து இன்றைய வகுப்பறைவரை கொணர்ந்து சேர்த்தது அத்தகைய எழுத்தே அன்றோ!